கோரைப்புல் சுவர்

அக்காவுக்குத் தொழில் வீடுகளின் உள் அலங்காரம். அடுத்தவர் வீட்டுச் சுவரென்றால் ஆயிரம் தடவை யோசிப்பாள். சொந்தத் தங்கை வீட்டுச் சுவரில்தான் போய்க் கோட்டை விட்டாள்.

தங்கை கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு வயது மகனுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்றாலும் யாரும் கூப்பிட்டதில்லை. செய்கிற சேட்டைக்கு வாண்டு என்றே நிலைத்துவிட்டது.

"பெயின்ட் வாடை, பிளாஸ்டிக் வாடை எதுவுமே வேண்டாம்க்கா. இவனுக்கு அப்பப்போ மூச்சு இழுப்பு வருதுல்ல? எல்லாம் இயற்கையா இருக்கட்டும்."

சுவரில் ஒட்டுகிற விரிப்புகளின் மாதிரித் துண்டுகளை அக்கா தரையில் பரப்பினாள். சணல், கற்றாழை நார், கார்க், கோரைப்புல் நெசவு. வாண்டு குப்புறப் படுத்து ஒவ்வொன்றிலும் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தான். "இது குத்துது. இது பன் மாதிரி இருக்கு பெரியம்மா" என்று கார்க்கைக் கட்டிக்கொண்டான். வால்பேப்பர் ஒட்டுகிறவரும் அதையேதான் சொன்னார். பதினைந்து வருடமாக அவளுக்கு வேலை செய்கிற மனிதர்.

"மேடம், இந்தச் சுவருக்குப் பின்னாடி பாத்ரூம். குழாய் ஒழுகி, உடைச்சுப் பூசி ரெண்டு வாரம்தான் ஆகுது. கோரை ஈரத்தைக் குடிச்சு உள்ளயே வெச்சுக்கும். அதுவும் சின்னப் பையன் ரூம். ஒரு தடவை கறை பட்டா ஜென்மத்துக்கும் போகாது. கார்க்குன்னா துடைச்சுக்கலாம். அதுகூட ரெண்டு மாசம் சுவர் காய்ஞ்சப்புறம் ஒட்டுறதுதான் நல்லது. என்னைக் கேட்டா, வெறும் சுண்ணாம்பு அடிச்சு விட்டுடுங்க."

சுண்ணாம்பாம்! அவளுக்கு எரிச்சலாக வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பத்திரிகையிலிருந்து படமெடுக்க வருகிறார்கள். பதினெட்டு வருடத் தொழிலில் அவள் வேலை அச்சில் வரப்போவது இதுதான் முதல் தடவை. வெள்ளைச் சுவரை யார் படமெடுப்பார்கள்? கோரையோ இளம் பச்சையும் வைக்கோல் நிறமும் கலந்து, வெயில் பட்டால் அப்படியே மின்னியது.

"கோரைதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் உள்ளங்கை அகலப் பாலிதீன் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினார். மறுநாள் அதன் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். அப்படியிருந்தால் ஒட்டக்கூடாது. இந்தத் தொழிலில் இதற்கு மேல் சோதனையும் கிடையாது, சாக்கும் கிடையாது.

புதன்கிழமை அவர் வருவதற்கு முன்பே அக்கா வந்துவிட்டாள். பாலிதீனை உரித்தாள். உள்ளே பனி படர்ந்த மாதிரி பொடிப்பொடியாக நீர். கொஞ்சம்தான். ஆனால் இருந்தது. அதைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தாள்.

"பார்த்துட்டேன். நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்று, வந்தவரிடம் அந்தத் துண்டை நீட்டினாள்.

அவர் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கே மேடம்?"

"காலங்காத்தால சுவர் சில்லுன்னு இல்லாம கொதிக்கவா செய்யும்? ஒட்டுங்க."

ஒட்டினார். வெள்ளிக்கிழமை படமெடுத்தார்கள். அடுத்த மாதம் முழுப் பக்கத்தில் வந்தது. தங்கை அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். என் அக்கா, என் அக்கா என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

அந்த மாதமே வாண்டு சாக்லேட் அப்பிய கையைக் கட்டிலோரச் சுவரில் பதித்தான். ஐந்து விரலும் அச்சாக விழுந்தது. தங்கை திட்டித் தீர்த்து ஈரத்துணியால் துடைக்கப் போனாள். "ஐயையோ, தண்ணி பட்டா இன்னும் பரவும்டி!" என்று அக்கா தடுத்தாள். நல்லவேளையாகப் படமெடுத்து முடிந்துவிட்டது என்று அவள் மனசுக்குள் நினைத்ததையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு இழுப்பு அடிக்கடி வந்தது. பூனையால் என்றார்கள். வாண்டு அழ அழப் பூனையை யாருக்கோ கொடுத்தார்கள். கம்பளத்தால் என்றார்கள், கம்பளம் போனது. தங்கையின் மாப்பிள்ளை சிகரெட்டை விட்டார். தங்கை தினமும் வீட்டை இரண்டு தடவை பெருக்கித் துடைத்தாள். இவ்வளவும் செய்துவிட்டுப் பிள்ளையை அந்த அறையில்தான் படுக்கவைத்தார்கள். வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதானே!

ஒருநாள் மருத்துவரிடம் அக்காவும் கூடப் போனாள். "வீட்ல எங்கயாவது ஈரம், பூசணம் ஏதாவது இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"சான்ஸே இல்ல டாக்டர். எங்க அக்காவே சோதிச்சுப் பார்த்துதான் சுவர்ல ஒட்ட வெச்சா. இதோ, இவங்கதான்."

மருத்துவர் அக்காவைப் பார்த்தார். வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். அவ்வளவு தண்ணி இல்லையே, இந்நேரம் காய்ந்திருக்கும், பூனை முடியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆமாம், தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை இனி எந்தச் சாமி வந்தாலும் திருப்பி வாங்க முடியாது.

அதற்கு மூன்றாவது வாரம் இழுப்பு முற்றி வாண்டு போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலை வண்டி தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். "அவ அந்த ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்குறா. அவன் கட்டில்லதான் படுக்குறா. இப்போ இவளுக்கும் இருமல் பிடிச்சிருக்கு, நிக்கவே மாட்டேங்குது. நீங்க சொன்னா கேப்பா."

அக்கா அன்று மதியமே போனாள். தங்கை அந்தச் சின்னக் கட்டிலில் கால்களை மடக்கி, சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தாள். முகத்துக்கு நேரே அந்தக் கை அச்சு. அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"அன்னைக்கு நீ துடைக்க விடல பாரு, அது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்று சொல்லி இருமினாள். "இது ஒண்ணுதான்க்கா எனக்கு மிச்சம்."

அறைக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு மக்கல் வாடை. அக்கா குனிந்தாள். கட்டிலுக்குக் கீழே, தரையோரத்தில், கோரையின் நுனியை நகத்தால் நெம்பினாள். உள்ளே ஒரே கறுப்பு. மயிர் மயிராகப் பூசணம் பூத்திருந்தது.

நுனியை அமுக்கி மூடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தங்கை மறுபடி இருமினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"இந்த ரூம்ல நீ இருக்கக்கூடாதுடி. சுவர்ல ஈரம் இருக்கு, உள்ள பூரா பூசணம். ஒட்டுறப்பவே ஈரம் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

தங்கை திரும்பிப் பார்த்தாள். "தெரியும்னா?"

"பாலிதீன்ல தண்ணி இருந்துச்சு. நான்தான் துடைச்சேன். படமெடுக்க வராங்கன்னு... டாக்டர் கேட்டப்பவும் சொல்லல."

அழுவாள், கத்துவாள், அடிப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. தங்கை மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"அவன் எத்தனை நாள் பூனையைக் கேட்டு அழுதான் தெரியுமா?" என்றாள்.

"உன் பையில கட்டர் இருக்குமே, குடு."

அக்கா கொடுத்தாள். கை அச்சைச் சுற்றி நாலு பக்கமும் நேராக, அவசரப்படாமல் வெட்டினாள் தங்கை. துண்டைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் ஊறிய சுவர் அதைச் சுலபமாக விட்டுக்கொடுத்தது. திருப்பினாள். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு, பிள்ளையின் விரல்களுக்கு நேர் பின்னாலும்.

பிறகு கட்டிலைவிட்டு இறங்கி வந்து, அக்காவின் கையை விரித்து, கறுப்புப் பக்கம் உள்ளங்கையில் படும்படி அதை வைத்தாள்.

"நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போனாள்.