கண்ணாடித் தண்ணீர்

தங்கைக்கு நாற்பது வயது தாண்டியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அவனைப் பார்த்து அண்ணியும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். கோபம் வந்தால் மட்டும் "என்ன, நாத்தனாரே" என்று நீட்டுவாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு பாப்பாவின் கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அம்மா அப்பா போன பிறகு அவளை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்து மாடி ஏறியவன் அண்ணன். இன்றைக்கு அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், தனி வீடு எடுத்து இருக்கிறாள். சக்கர நாற்காலியை மடித்துப் பக்கத்து சீட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் காரைத் தானே ஓட்டுகிறாள். வேகத்தையும் பிரேக்கையும் கையாலேயே கொடுக்கும் கம்பியை அந்தக் காரில் பொருத்தியவனும் அண்ணன்தான். வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார் ரிப்பேர் செய்வது அவன் பிழைப்பு.

அந்தக் காரில் அவளுக்கு எட்டாத வேலை ஒன்றே ஒன்று. முன்கண்ணாடியில் தண்ணீர் பீச்சிக் கழுவுவதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்குமே, அது பானெட்டுக்கு அடியில் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பானெட்டைத் தூக்கி நிறுத்த அவளால் முடியாது. அதனால் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள். "வாரம் பூரா அந்தக் கண்ணாடியைக் குளிப்பாட்டிக்கிட்டே இருப்பியா?" என்று திட்டிக்கொண்டே அண்ணன் தண்ணீர் ஊற்றுவான். அப்புறம் சாப்பாடு, அரட்டை, அண்ணியும் அவளும் கூட்டுச் சேர்ந்து அண்ணனைக் கிண்டல் பண்ணுவது. வெயில் தாழ்ந்ததும் கிளம்புவாள். அவள் கார் திரும்பிய தெருமுனையையே பார்த்தபடி அண்ணன் வாசலில் நிற்பான். அண்ணியும் உள்ளே கூப்பிட மாட்டாள்.

அந்த ஞாயிறு, வந்ததும் வராததுமாகப் பாப்பா விஷயத்தைப் போட்டு உடைத்தாள். முதலாளியம்மா வேறொரு ஊரில் கிளை திறக்கிறாராம். அதைப் பார்த்துக்கொள்ள இவளைக் கூப்பிட்டிருக்கிறாராம். காலையில் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேரும் தூரம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லும்போதே அவள் முகம் புது வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கத் துணி பார்க்கிற முகமாக இருந்தது.

"டப்பாவை டிக்கிக்கு மாத்திக் கொடுண்ணா. நானே ஊத்திக்குவேன். அது மட்டும் ஆயிட்டா போதும், நான் கிளம்பிடுவேன்."

வழியில் யாரையாவது கேட்டால் ஊற்றிக் கொடுக்க மாட்டார்களா என்றான் அண்ணன். கேட்டுப் பார்த்த கதையை அவள் சொன்னாள். பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு புண்ணியவான் ஓடோடி வந்தாராம். அச்சச்சோ பாவமே என்று தலையைத் தடவாத குறைதானாம். அந்த உருக்கத்திலேயே சோப்புத் தண்ணீரை எஞ்சின் ஆயில் ஊற்றும் வாய்க்குள் சாய்க்கப் போனாராம். ஹாரனை அழுத்தி, அழுத்தி, அந்த மனுஷரைத் துள்ள வைத்துத்தான் நிறுத்த முடிந்ததாம். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இனி தன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வராது என்று அவனுக்குச் சுருக்கென்றது.

இருந்தாலும் வேலையில் இறங்கினான். டப்பாவைக் கழற்றி உள்ளே பிடித்திருந்த பாசியைக் கழுவினான். பாப்பாவை நாற்காலியோடு டிக்கி பக்கம் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, அவள் நெஞ்சு உயரத்துக்கு டப்பாவின் வாய் வருகிற மாதிரி பக்கச் சுவரில் முடுக்கினான். தண்ணீரைத் தள்ளும் குட்டி மோட்டார் டப்பாவின் அடியிலேயே இருந்தது. அதிலிருந்து மெல்லிய ரப்பர் டியூப் ஒன்றை, கதவுகளுக்குக் கீழே இருக்கும் காலடித் தகட்டுக்குள் விட்டு, முன்கண்ணாடி வரைக்கும் கொண்டுபோனான்.

பாப்பா சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். டப்பா நிறையத் தண்ணீர். சுவிட்சை அமுக்கு என்றான். பின்னால் மோட்டார் உறுமியது. முன்னால் ஒன்றும் காணோம். நல்ல நேரம் கழித்து, பல் முளைக்கிற குழந்தைக்கு எச்சில் வழிகிற மாதிரி, கண்ணாடியின் அடியில் ஒரு கோடு வழிந்தது.

"கண்ணாடியைக் கழுவுறீங்களா, இல்ல அதுக்குச் சொட்டு மருந்து விடுறீங்களா?" என்றாள் அண்ணி.

தண்ணீர் பீச்சும் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தான். அப்படியும் வழிசல்தான். டியூப் போன பாதையை விரலால் தடவிக்கொண்டே வந்தவன், பின்கதவுக்குக் கீழே நின்றான். தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தூக்கிப் பார்த்தான். அவன் நினைத்தது சரி. டியூப் மடங்கி, தகட்டுக்கு அடியில் சப்பையாகக் கிடந்தது. அவசரத்தில் அவன் கை செய்த தப்பு. நிமிர்த்திவிட்டால் ஆயிற்று. இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். தண்ணீர் ஒவ்வொரு தடவையும் டப்பாவுக்கே திரும்பி ஓடாமல் இருக்க, முன்பக்கம் ஒருவழி வால்வு ஒன்று போட வேண்டும். சுண்டுவிரல் பெரிய சாமான், அலமாரியிலேயே இருக்கிறது.

நிமிர்த்தினால் அவள் போய்விடுவாள்.

அவன் தகட்டைத் திரும்ப வைத்து ஸ்க்ரூவை முடுக்கினான்.

"தூரம் ஜாஸ்தி, பாப்பா. இவ்வளவுதான் வரும். பழைய இடத்துக்கே மாத்திடலாம்" என்றான், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே.

பாப்பா காரின் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிண்ணா. உனக்குத் தெரியாததா" என்றாள்.

சாப்பிடும்போது, அந்த ஊர்ச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்நேரமும் லாரி, கண்ணாடி கழுவ வழியில்லாமல் அதில் போக முடியாது என்றாள். முதலாளியம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாள். அழவில்லை, முகத்தைத் தூக்கிக்கொள்ளவில்லை, குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். அண்ணன் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், கை வாய்க்குப் போகவில்லை.

டப்பாவைப் பழைய மூலையில் மாட்டும் கிளிப், கழற்றும்போது உடைந்திருந்தது. அதை வாங்கி வருகிறேன் என்று எழுந்தான். பாப்பாவின் கார்தான் வாசலை மறித்து நின்றது. அதையே எடுத்துக்கொண்டு போனான். வெளியே மழை தூறிவிட்டு ஓய்ந்திருந்தது.

மார்க்கெட் திருப்பத்தில் எதிரே வந்த லாரி பள்ளத்தில் இறங்கியது. சேறு ஒரு வாளி, அப்படியே முன்கண்ணாடியில். உலகமே மறைந்தது. அவன் அமுக்கினான். பின்னால் மோட்டார் உறுமியது. ஒரு கோடு வழிந்தது. வைப்பர் அதை வைத்துச் சேற்றைச் சந்தனம் அரைக்கிற மாதிரி அரைத்துக் கண்ணாடி முழுக்கப் பூசியது. பின்னால் ஹாரன். முன்னால் யார் குறுக்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. காலால் பிரேக்கை மிதித்து, ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஊகத்தில் ஓரம்கட்டினான். கதவைத் திறந்து குதித்து, சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்தான்.

பாதி துடைத்தவன் கை அந்தரத்தில் நின்றது. குதித்து இறங்கித் துடைக்க அவனுக்குக் கால் இருக்கிறது. அவள் என்ன செய்வாள்? ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பிரேக் கம்பியில், கண்ணுக்கு முன்னால் சேற்றுச் சுவர். உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். புது ஊரோ, இந்த ஊரோ, அவள் தெருமுனையோ, எங்கே ஆனாலும் அப்படித்தான்.

கிளிப் வாங்காமலே திரும்பினான்.

வாசலில் இரண்டு பேரும் காரைப் பார்த்தார்கள், பிறகு அவன் சட்டையைப் பார்த்தார்கள். அவன் நேரே பின்கதவைத் திறந்து ஸ்க்ரூவில் கை வைத்தான்.

"டியூப் மடங்கியிருக்கு, பாப்பா. அப்பவே பார்த்துட்டேன்."

"தெரியும்ண்ணா. நீ தகட்டைத் தூக்கிப் பார்த்துட்டு அப்படியே திரும்ப முடுக்கினதைப் பக்கக் கண்ணாடியில பார்த்தேன்."

அவன் நிமிரவில்லை. தெரிந்துமா வேலையை வேண்டாமென்று சொல்லக் கிளம்பினாய் என்று தரையைப் பார்த்தே கேட்டான்.

"போகாதேன்னு வாயால சொல்லியிருந்தா உன்னோட சண்டை போட்டிருப்பேன்" என்றாள் பாப்பா. "நீ ஸ்க்ரூவால சொல்றே. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டில் வாயால் பேசுகிறவள் தான் ஒருத்திதான் என்று முனகினாள். ஆனாலும் அலமாரியில் துழாவி அந்த வால்வைத் தேடிக் கொண்டுவந்தவள் அவள்தான்.

டியூபை நிமிர்த்தி, வளைவில் நெருக்காதபடி தகட்டில் ஒரு ஓரம் செதுக்கிவிட்டான். வால்வை முன்னால் செருகினான், அம்புக்குறி கண்ணாடியைப் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். பாப்பா அமுக்கினாள். கை எடுப்பதற்குள் இரண்டு தாரைகள் எழும்பின, கண்ணாடியை மதிக்காமல் கூரையையும் தாண்டி, காப்பித் தட்டோடு பின்னால் வந்த அண்ணியின் தலையில் இறங்கின.

"என்ன, நாத்தனாரே" என்றாள் அண்ணி.

அண்ணன் ஊசியை எடுத்து, துளையின் வாயை மெல்லத் திருப்பித் தாரையைத் தணித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா விரலால் இடம் காட்டினாள். கீழே, இன்னும் கீழே, போதும். இருவர் முகமும் அத்தனை பக்கத்தில், நடுவில் தண்ணீர் ஓடியபடி.

கிளம்பும் முன் டப்பாவை அவளே நிரப்பினாள். பாதி தண்ணீர் மடியில் கொட்டியது. உதவிக்கு நீண்ட தன் கையை அண்ணன் இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்து வைத்துக்கொண்டான்.

அவள் புது ஊருக்குப் போன ஞாயிறு அவன் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தான். ஒரு காரிலும் அவனுக்கு வேலை ஓடவில்லை. சாப்பாட்டு வேளைக்கு போன் அடித்தது.

"வந்து சேர்ந்துட்டேண்ணா. வழியில ஒரு லாரி அபிஷேகமே பண்ணிட்டான். ஒரு அமுக்குதான். ஓரமா நிறுத்தக்கூட இல்ல."

அண்ணன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, தங்கையிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்டான்:

"அடுத்த ஞாயிறு நாங்க வரட்டுமா, பாப்பா?"