ஆனிக் கடைசியில் வந்த நம்பர்

கோழிப்பண்ணைக் கம்பெனியிலிருந்து வந்த செய்தி இரண்டே வரி. நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டி எண் இணையத்தில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதிவுச் சான்றிதழ் வராவிட்டால் முட்டை அட்டை ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும்.

சௌந்தர்யா முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினைந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஐந்து தடவையும் செல்லாத எண் என்றே வந்தது. கண்ணாடி போடும் காலம் வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தாள். புதுச்சத்திரம் ஷெட்டில் அவள் பெயரில் முட்டை அடுக்கும் அட்டை செய்யும் தொழில் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த ஆர்டர் நிலைக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, ஷெட்டை டயர்க்காரருக்கு வாடகைக்கு விடுவதாக மாமனார் சின்னுசாமி சொல்லியிருந்தார்.

எண் வாங்கித் தந்தவர் நாமக்கல் ஜெகதீஸ்வரன். ஊரே ஆடிட்டர் என்றது, அவரும் மறுக்கவில்லை. அறுபது கடைகளின் பதிவிலும் தன் செல்போன் எண்ணையும் மெயிலையும்தான் கொடுத்திருந்தார். கடைக்காரர் தன் கணக்கைத் தானே திறக்க வேண்டுமானாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவரிடம் கேட்டுப் பெற வேண்டும். இதற்குப் பெயர் சேவை.

சான்றிதழ் கேட்டு மூன்று நாள் நடந்தாள். திங்கள், சர்வர் வேலை செய்யவில்லை. செவ்வாய், மச்சினன் நிச்சயதார்த்தம். புதன், மறுபடியும் சர்வர். தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நேராக வணிகவரி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த மலர்விழி என்ற அலுவலர் பில்லை ஒருமுறைதான் பார்த்தார்.

"இது ஜிஎஸ்டி நம்பரே இல்லம்மா. விண்ணப்பம் போட்டதுக்கு வர்ற ரசீது நம்பர். நம்ம மாநில நம்பர் முப்பத்திமூணுல ஆரம்பிக்கும். நடுவுல உங்க பான் நம்பர் அப்படியே இருக்கும்."

கணினியில் பார்த்து மீதியையும் சொன்னார். ஷெட் மாமனார் பெயரில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதம் கேட்டு மெயில் அனுப்பியிருந்தார்கள். பதில் வரவில்லை. ஆடி மாதமே விண்ணப்பம் தள்ளுபடி.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்கக் கூடாதென்று ஆனிக் கடைசி நாளில் சின்னுசாமி ஆடிட்டர் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார், நம்பரோடுதான் எழுந்தார். மறுநாள் ஆடி என்பதால் அன்று மாலையே போர்டு எழுதி, பில் புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். குடும்பமே சேர்ந்து ஒரு ரசீதைக் கும்பிட்டிருக்கிறது.

நேரில் போய்க் கேட்டதற்கு ஜெகதீஸ்வரன் அசரவில்லை. "உங்க மாமனாரு அன்னைக்கே ஒரு நம்பர் வேணும்னாரு, கொடுத்தேன். அது ஜிஎஸ்டி நம்பர்னு நான் சொன்னனா?"

மெயில் வந்ததைப் பற்றிக் கேட்டபோது, அறுபது கடை மெயிலையும் ஒரு மனுசன் படிக்க முடியுமா என்று அவளையே கேட்டார்.

வீட்டில் சின்னுசாமி அதைவிடச் சுருக்கமாக முடித்தார். "நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சும் வெளங்கலை சாமி. டயர்க்காரருக்கே உட்டுப்போடலாம்."

சம்மதக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தாள். அவர் முன்னால் நீட்டினாள். இன்று அஷ்டமி, நாளைக்குப் போடுகிறேன் என்றார்.

"மூணு மாசமா இல்லாத நம்பர்ல பில் போட்டிருக்கறமுங்க மாமா. யாரு சொல்லிப் போட்டீங்கன்னு ஆபீஸ்ல கேட்டா உங்க பேரைத்தான் சொல்லோணும்."

அஷ்டமியிலேயே கையெழுத்து விழுந்தது. ஷெட்டை மருமகளின் தொழிலுக்கு விட்டிருப்பதாகச் சொல்லும் கடிதம் அது. அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

இந்த முறை தன் செல்போன் எண்ணையே கொடுத்து, தானே விண்ணப்பித்தாள். பழைய பில்களைப் பற்றியும் அலுவலகத்துக்கு எழுதினாள். கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி அனுப்பினாள்: இது விண்ணப்ப எண் மட்டுமே, சான்றிதழ் இன்னும் வரவில்லை.

இந்த மாத ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம், சான்றிதழ் வந்ததும் அனுப்புங்கள், அடுத்த மாதத்துக்குப் பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை மாலையில் பதில் வந்தது.

"நம்பர் வந்துருச்சா சாமி?" என்றார் சின்னுசாமி.

"இல்லீங்க மாமா. கேட்டிருக்கறமுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சௌந்தர்யா மெஷினைத் துடைக்கப் போனாள்.