அக்கா குரலில் ஒரு பேய்

செத்துப்போன மனைவியைப் படாதபாடு பட்டு உயிரோடு எழுப்புகிறான் ஒருத்தன். எழுந்து வந்தவளைப் பார்த்து அவனே அலறுகிறான். இந்த லட்சணத்தில் ஒரு பேய் நாவல். அதை ஒலிப்புத்தகமாக வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார். வியர்வை வழிய, செத்தவளுக்காகக் கரகரத்தேன், முனகினேன், பல்லைக் கடித்தேன். ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பயம் வரலை மேடம். செத்தவங்க சாதாரணமா பேசினாதான் பயமா இருக்கும்."

எரிச்சலில் என்னையறியாமல் அக்காவின் குரல் வந்துவிட்டது. மூச்சை இழுத்து, சொல்லின் கடைசியைக் கொஞ்சம் நீட்டுகிற குரல். மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதேதான்! கடைசி வரைக்கும் இதையே பிடிச்சுக்கோங்க."

அக்கா போன வருஷம் இறந்துபோனாள். போனை நீட்டினாலே வாயைப் பொத்திக்கொள்கிறவள். அவள் பேசிய பதிவு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. சின்ன வயதிலிருந்து அவளைப் போலப் பேசிக் கேலி செய்தவள் நான், அதனால் அவள் குரல் என் தொண்டையில் மட்டும் மிச்சம். அம்மா மாத்திரை போட அடம்பிடித்தால் அந்தக் குரலில் அதட்டுவேன். "வந்துட்டா பாரு மகராணி" என்று சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் சிரிப்பு கேட்பது அப்போது மட்டும்தான்.

கடைசி அத்தியாயத்தில் அவன் அவளைத் தீ வைத்துக் கொளுத்துகிறான். அவள் கெஞ்ச வேண்டும்: "என்னைத் திரும்ப அனுப்பாதே."

சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

"அழுகை வேணாம் மேடம். இன்னொரு தடவை."

"வேற குரல்ல பேசட்டுமா?"

"விளையாடுறீங்களா? புத்தகம் முழுக்க அந்தக் குரல்தானே? மாத்தினா முதல்லேருந்து பண்ணணும்."

மறுபடி கெஞ்சினேன். வெளியே லாரி சத்தம் என்றார். மறுபடி. இழுப்பு போதவில்லை என்றார். மறுபடி. ஒவ்வொரு தடவையும் அக்காவை நானே கொளுத்துகிற மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றி அவர் மேல் வீசலாமா என்று ஆத்திரம் வந்தது. பிறகு அழுகை நின்றது. ஆத்திரமும் நின்றது. வாய் மட்டும் வேலை செய்தது.

"சூப்பர்! ஓகே மேடம்."

வீட்டுக்குப் போனால் மாத்திரை மேசையில் அப்படியே கிடந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதட்டினேன். அதே இழுப்பு, அதே நீட்டல், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது நாவலில் எரிகிறவளின் குரல். செருமிக்கொண்டு மறுபடி பேசிப் பார்த்தேன். மறுபடியும் அவள்தான் வந்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

"போதும்டி. இனிமே நானே போட்டுக்கிறேன். அவளை விட்டுடு."