காகிதக் கப் டெலிபோன்

அம்பத்தூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த மறுவாரமே, அங்கே பார்த்த செயல்பாடு ஒன்றைத் தன் வகுப்பில் செய்துபார்த்துவிடுவது என்று தாட்சாயிணி முடிவு செய்தாள். முத்தாபுதுப்பேட்டையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை அவள். பாடியிலிருந்து ஆவடி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ என்று பதினோரு வருடமாக வந்துபோகிறாள். அன்று காலை ஆவடியில் இறங்கியதும் ஒரு கட்டு காகிதக் கப்பும் இரண்டு நூல்கண்டும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டாள்.

ஒலி எப்படிப் போகிறது என்பதுதான் பாடம். கப்பின் அடியில் காம்பஸால் ஓட்டை போட்டு, நூலை உள்ளே விட்டு, தீக்குச்சியில் முடிச்சுப் போட வேண்டும். பிள்ளைகள் கால் மணி நேரத்தில் செய்து முடித்துவிட்டார்கள். பிறகு மைதானத்தில் இரண்டிரண்டு பேராக நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் துண்டுச்சீட்டில் இருக்கும் வரியைக் கப்புக்குள் மெதுவாகச் சொல்ல, மற்றவர் காதில் கப்பை வைத்துக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். சீட்டுகளை முந்தின நாளே எழுதி வைத்திருந்தாள். எங்கள் தெருவில் நேற்று தண்ணீர் வரவில்லை. ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இப்படி முப்பது வரிகள்.

எல்லா நோட்டையும் பார்த்துக்கொண்டே வந்தவள் சுவேதாவின் நோட்டில் நின்றாள். அவளுக்கு ஜோடி தமிழரசு. அவன் கையில் இருந்த சீட்டு ரயிலைப் பற்றியது. சுவேதா எழுதியிருந்தது, ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்று. அதற்கு முந்தின சீட்டுக்கும் ஏதோ ஒரு வரி, பார்க்க அழகாக, சம்பந்தமே இல்லாமல்.

“மூணு வாட்டி சொன்னேன் மிஸ். அவளா இன்னாமோ எழுதிக்கினு கீறா” என்றான் தமிழரசு.

தாட்சாயிணிக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு எதிலும் கவனமே கிடையாது என்று அவள் எப்போதோ தீர்மானித்திருந்தாள். காலாண்டு மதிப்பெண் அட்டையில் அப்படியே எழுதியும் இருந்தாள். கப்பைச் சரியாக வைத்துக்கொள் என்று அதட்டினாள். சுவேதா தலையாட்டிவிட்டுக் கப்பை இன்னொரு காதுக்கு மாற்றினாள். தமிழரசு மறுபடி சொன்னான். அவள் பென்சில் நோட்டின் மேல் அசையாமல் நின்றது.

அப்போது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து சபீனா தன் கப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. தமிழரசுவின் சீட்டை எட்டிப் பார்த்தாள், சுவேதாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள், சத்தமே வராமல் உதட்டை அசைத்தாள். சுவேதா குனிந்து எழுதினாள். ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

தாட்சாயிணிக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. அந்த நேரத்தில் அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சுவேதாவின் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்று, வகுப்பில் பேசும் குரலில் கூப்பிட்டாள். சுவேதா திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டபோது அந்தப் பெண் லேசாகத் துணுக்குற்று, சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பையன், “டமாரச் செவுடுடா இவ” என்றான். சிரிப்பு கிளம்பி மைதானம் முழுக்கப் பரவியது. சுவேதாவுக்கு அந்தச் சொல் கேட்டிருக்காது. ஆனால் திறந்த வாய்கள் தெரிந்தன. என்ன என்று சபீனாவைப் பார்த்தாள். சபீனா உதட்டை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மறுநாள் சுவேதா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தாட்சாயிணி சபீனாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். சபீனாவிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்தே அவளுக்குத் தெரியும். மிஸ் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வதை எல்லாம் சுவேதாவின் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்வது அவள் வேலை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சுவேதா சத்தியம் வாங்கியிருந்தாள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“நாங்க பேசிக்கினே கீறோம்னு நீங்கதான மிஸ் ரெண்டு பேரையும் பிரிச்சி உக்கார வெச்சீங்க” என்றாள் சபீனா. குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை.

ஜூன் மாதக் கடைசியில் நடந்தது அது. வாயாடிகள் என்று சபீனாவை முதல் பெஞ்சுக்கும் சுவேதாவைக் கடைசிப் பெஞ்சுக்கும் அனுப்பியவள் இவள்தான். கடைசிப் பெஞ்சிலிருந்து யாருடைய உதடும் சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகுதான் சுவேதாவின் மதிப்பெண் சரிந்தது. தாட்சாயிணி அன்று மீதி வகுப்புகளை எப்படி நடத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சனிக்கிழமை அவள் சுவேதாவின் வீட்டுக்குப் போனாள். ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. சுவேதாவின் அம்மா கஸ்தூரி அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“ஏழு வருஷமா மூடி மூடி வெச்சேன் மிஸ். ஒரே நாள்ல ஊருக்கே காட்டிட்டீங்க” என்றாள்.

தாட்சாயிணி தலைகுனிந்து நின்றாள். நின்றதைப் பார்த்ததாலோ என்னவோ, கஸ்தூரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மற்றதையும் சொன்னாள். மூன்று வயதில் காதில் சீழ் வந்ததாம். எண்ணெய் காய்ச்சி விட்டார்கள். நின்றது, திரும்ப வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூலில் யு.கே.ஜி. சேர்த்தபோது, இந்தப் பிள்ளைக்கு இது சரிப்படாது, வேற மாதிரி ஸ்கூலில் சேருங்கள் என்று டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கஸ்தூரி மகளுக்கு வாய் பார்க்கப் பழக்கினாள். தினமும் எதிரே உட்கார வைத்து, சத்தம் இல்லாமல் பேசிப் பேசி.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானே கூட வருகிறேன் என்றாள் தாட்சாயிணி.

“போலாம். அங்க ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க. அத வெச்சிக்கினு நீங்களும் வேற ஸ்கூலுக்கு அனுப்புவீங்க. எனக்குத் தெரியாதா?”

அனுப்ப மாட்டேன் என்றாள். கஸ்தூரி நம்பியதாகத் தெரியவில்லை. வாசலில் கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுவேதா இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாட்சாயிணி வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

“அன்னிக்கு நான் பண்ணது தப்பு. உன்னை அப்படி நிக்க வெச்சிருக்கக் கூடாது.”

சுவேதா அதைப் படித்துவிட்டாள் என்பது கண்ணில் தெரிந்தது. எழுந்து உள்ளே போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முதுகைக் காட்டிவிட்டால் யாரும் அவளிடம் எதையும் சொல்ல முடியாது.

கஸ்தூரி சம்மதிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஒரு புதன்கிழமை மூவரும் சென்னைக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடி அறையில் காதுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தாட்சாயிணி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரத்துக்கு ஒரு முறைதான் அது அசைந்தது. வலது காதில் ஜவ்வு கிழிந்து ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. இடது காதில் பாதி கேட்டது. இடதுக்குக் காது மெஷின் வைக்கலாம், வலதுக்கு ஆபரேஷன், அதற்கும் முன்னால் சீழ் முழுக்க நிற்க வேண்டும் என்றார் டாக்டர். நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும், எழுதிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுவேதா முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாடி மேம்பாலம் வந்தபோது கஸ்தூரி தாட்சாயிணி பக்கம் திரும்பினாள்.

“டாக்டர் கடசியா சொன்னத அவகிட்ட சொல்லாதீங்க மிஸ்” என்றாள். பிறகு, “அந்தாள் குனிஞ்சிக்கினு சொன்னாரு. அவ பாத்துருக்க மாட்டா” என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

மெஷின் வர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் சுவேதா பள்ளிக்கு வரத் தொடங்கி, சபீனா பக்கத்திலேயே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாட்சாயிணி போர்டில் எழுதும்போது பேசுவதை நிறுத்தப் பழகினாள். சில நாள் மறந்துபோகும். அப்போது சபீனா தொண்டையைச் செருமுவாள். மெஷின் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. பெஞ்சு இழுக்கும் சத்தமும் மின்விசிறியின் கடகடப்பும் சேர்ந்து மண்டைக்குள் இரைகிறது என்று சுவேதா அதைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டு வைப்பாள். பையன்கள் அந்தப் பெயரை விட்டபாடில்லை. தாட்சாயிணி கண்டித்தால் அவள் எதிரில் மட்டும் விட்டார்கள். கஸ்தூரி பள்ளிக்கு வந்தால் தலைமையாசிரியரிடம் பேசுவாள். தாட்சாயிணியிடம் பேச மாட்டாள்.

அரையாண்டு விடுமுறைக்கு முந்தின வாரம் மதிப்பெண் அட்டைகளை எழுத உட்கார்ந்தபோது தாட்சாயிணிக்குக் கை ஓடவில்லை. அலுவலக அறை பீரோவிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்தாள். தான் எழுதிய குறிப்புகளை வருடம் வருடமாகப் புரட்டினாள். கவனக்குறைவு. கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. போர்டைப் பார்த்து எழுதுவதில்லை. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் யூசுப் என்று ஒரு பையன். போர்டில் இருப்பதை எப்போதும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று அவனை இரண்டு முறை வெளியே நிறுத்தியது ஞாபகம் வந்தது. அந்த வருட நடுவிலேயே அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அவனுக்குப் போர்டு தெரிந்ததா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவர்கள் குடும்பத்தோடு குத்தம்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள், அவன் அப்பா அங்கே ஏதோ செங்கல் லோடு ஏற்றுகிறார் என்று சத்துணவு அமைப்பாளர் சித்ரா சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தாட்சாயிணி பூந்தமல்லியில் இறங்கி, குத்தம்பாக்கம் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தாள்.