வில்லனின் கடைவாய்ப்பல்

கொலைகாரனின் பற்கள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தன.

பற்களைச் சுற்றி ஒரு மனிதரும் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, ஒரு கையில் பூங்கொத்து, மறுபக்கம் மனைவி. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் பட்டது பற்கள் மட்டும்தான்.

“ஏங்க,” கணவனின் தொடையைக் கிள்ளினாள். “எங்க டாக்டர்!”

“எங்க?”

“எங்க டாக்டருங்கறேன். முன்னாடி பாருங்க.”

கணவன் எட்டிப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். எந்த ஆபத்தையும் இரண்டு மாடிக்கு நடுவே நின்று நிதானமாக யோசிப்பவன்.

“யாரு, உன் படத்துல எல்லாரையும் கடிச்சுக் கொல்றாரே, அவரா?”

“மெதுவாப் பேசுங்க!”

“வரச் சொன்னியா?”

“நானா? எனக்கென்ன பைத்தியமா?”

பைத்தியமா என்றால், கொஞ்சம் அப்படித்தான். அவள் பல் செட்டு செய்பவள். டாக்டரின் கிளினிக்கில் பின்னறைதான் அவள் ராஜ்யம். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். மாவு இறுகினால் அந்த ஆளின் தாடை அப்படியே கையில் வந்து நிற்கும், கோணல் மாணலோடு. அதன்மேல் செட்டைக் கட்டி, தேய்த்து, மெருகேற்றி அனுப்பிவிட்டால் மாவுத் தாடையின் ஜோலி முடிந்தது. சுத்தியால் ஒரு போடு. குப்பை.

எத்தனையோ தாடைகளை அப்படி உடைத்துப் போட்டவள், போன வருடம் திடீரென்று கையை நிறுத்திக்கொண்டாள். எல்லாம் அந்தத் திரைப்படச் சங்கத்தால் வந்த வினை.

சங்கம் நூலக மாடியில் மாதம் ஒருமுறை கூடும். அதன் செயலாளர் ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கணவன் போய் மீட்டான். நன்றிக்கடனாகத் தம்பதிக்கு ஆயுள் சந்தா. அன்றிலிருந்து ஒவ்வொரு படம் முடிந்ததும் கணவன் தவறாமல் சொல்லும் விமர்சனம் ஒன்றுதான்: “அன்னிக்கு அந்த ஆளை வெளிய எடுத்திருக்கவே கூடாது.”

அங்கே காட்டுவதெல்லாம் அசையும் ஓவியங்கள், களிமண் பொம்மைகள், கண்ணாடியில் பரப்பிய மணல். ‘கார்ட்டூன்’ என்று யாராவது சொல்லிவிட்டால் செயலாளருக்கு மூக்கு சிவந்துவிடும். உலகத்தில் எந்த மூலையில் யார் எதை நகர்த்திப் படம் பிடித்தாலும் அது அவர் கைக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஒரு படத்தில் ஒரு புள்ளி வந்தது. பெரிதானது. சிறிதானது. போய்விட்டது. விளக்கைப் போட்டதும் செயலாளர் தழுதழுத்த குரலில், “அது மரணம்” என்றார். “நான் கொசுன்னு நினைச்சேன்” என்றது பின்வரிசை.

மெல்ல மெல்ல அவளுக்கு நாடுகள் பிடிபட்டன. ஒரு நாட்டுக்காரர்களுக்கு மழையும் கிழவரும் இல்லாமல் படமே எடுக்க வராது. அந்த ஊரில் வெயிலடித்தால் எல்லாக் கலைஞர்களும் விடுப்பில் போய்விடுவார்கள் போல. இன்னொரு நாட்டில் எது வந்தாலும் அடுத்ததை விழுங்கிவிடும். தட்டு கரண்டியை, கரண்டி மனிதனை, மனிதன் வீட்டை. வேறொருவர் கேமராவே வேண்டாமென்று படச்சுருளின் மேலேயே ஊசியால் கீறிவைத்திருந்தார். திரையெங்கும் கோடுகள் குதித்தன. ஒரு கோட்டைப் பார்த்தால் ஏன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருந்தது.

அவளை ஒரேயடியாகக் கவிழ்த்தது ஒரு களிமண் படம். ஒரு பெண் பொம்மை ஜன்னலைத் திறக்கிறது, அவ்வளவுதான் கதை. அதன் கன்னத்தில் செய்தவரின் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. ஒவ்வொரு நொடியும் ரேகை கொஞ்சம் இடம் மாறித் துடித்தது. எங்கோ ஒரு மனுஷி அந்தக் கன்னத்தை ஆயிரம் தடவை தொட்டிருக்கிறாள். இவள் மாவு படிந்த தன் விரல்களைப் பார்த்தாள். ‘நானும் இதைத்தானே செய்யறேன்? என்ன, என் பொம்மை அசையறதில்லை.’

அசையவைத்தாள். உடைக்க வேண்டிய தாடைகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறை மேசை, ஒரு போன், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஜாடி. தாடையை ஒரு மயிரிழை நகர்த்துவாள், ஒரு படம் எடுப்பாள். மறுபடி நகர்த்துவாள்.

கதை இதுதான். ஒரு அலமாரியில் தாடைகள் குடும்பமாக வாழ்கின்றன. அதில் ஒரு முரட்டுத் தாடை ஒவ்வொன்றாகக் கடித்துத் தீர்க்கிறது. கடிக்க வேறு யாரும் மிஞ்சாதபோது தன்னையே நறநறவென்று கடித்து, கடைசியில் ஒரு கைப்பிடி மாவாகிறது. அந்தப் படத்தைத்தான் செயலாளர் இன்று சங்கத்தில் காட்டப்போகிறார்.

எல்லாரும் முகத்துக்கு ஏற்ற வேஷம் கொடுப்பார்கள். அவள் கடிக்கு ஏற்ற வேஷம் கொடுத்தாள். வில்லனுக்குப் பொருத்தமாக அகலமாய், மழுங்கி, பார்த்தாலே பயமூட்டும் கடைவாய்ப்பற்கள் கொண்ட தாடை அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டாக்டர் தன் பல்லுக்கு மேல் ஒரு கேப் போட்டுக்கொள்ள அச்சு எடுக்கச் சொன்னாரே, அது.

டாக்டருக்கு ஒரே ஒரு சட்டம். “ஒருத்தரோட வாய் இந்த ரூமைத் தாண்டி வெளிய போகக் கூடாது.” இதற்கு முன்னால் இருந்த பெண், யாருக்குப் பல் செட்டு என்று மாடிப்படியில் யாரிடமோ வாய்விட்டாள். மறுநாள் அந்த மாடிப்படியிலேயே இறங்கிப் போய்விட்டாள். இப்போது இவள் கொண்டுவந்திருப்பது ஒரு வாயா இரண்டு வாயா? ஊரின் பாதி வாய்! அதில் முதலாளியின் வாய் கொலைகாரன்! படம் ஓடினால் வேலை போச்சு. அந்தப் பின்னறையை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. வேறு எங்கே போய் ஒரு சிரிப்பைக் கையால் செய்ய முடியும்?

எழுந்து போய்ச் செயலாளரை ஓரமாக மடக்கினாள்.

“சார், என் படத்தை எடுத்துடுங்க.”

“அடக்கம்!” செயலாளர் உருகினார். “உண்மையான கலைஞர்களுக்கே உள்ள அடக்கம்!”

“அடக்கமில்லை சார், பயம். டாக்டரை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“பல் அடைக்கப் போயிருந்தேன். நம்ம சங்கத்தைப் பத்தி அவரே கேட்டார். உங்க முதலாளியையே சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டுட்டேன். சர்ப்ரைஸ்! நீங்கதான் எடுத்தீங்கன்னு சொல்லவே இல்லை. கடைசியில மேடையில வச்சு உடைக்கிறேன்.”

“அதுக்கப்புறம் அவர் என்னை உடைப்பார்.”

“ஆஹா! என்ன வசனம்!” என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டார்.

முதல் படம், நூல். ஒரு நூல்கண்டு தன்னைத்தானே பிரித்துக்கொண்டு ஓர் ஊராகிறது, பிறகு சிக்காகிறது. இன்னொரு நாளாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பாள். இன்று அந்த நூல் மெதுவாகத் தன் கழுத்தைத்தான் சுற்றுகிறது என்று பட்டது. டாக்டரின் மனைவி நூல் பாதி பிரிவதற்குள் தூங்கிப்போனாள். தலை கணவரின் தோளில் சாய்ந்தது.

இரண்டாவது படம், ஒரு நாற்காலி. அது காத்திருந்தது. வெகுநேரம் காத்திருந்தது.

“எப்போ சார் கதை ஆரம்பிக்கும்?” டாக்டரின் குரல் இருட்டில் கணீரென்று கேட்டது.

“முடிஞ்சிடுச்சு டாக்டர்,” என்றார் செயலாளர்.

“அன்னிக்கு அந்த ஆளை...” என்று ஆரம்பித்த கணவனின் வாயைப் பொத்தினாள்.

மூன்றாவது, அவளுடையது.

திரையில் அலமாரி. இருட்டு. ஒரு தாடை மெல்ல எட்டிப் பார்க்கிறது.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டாக்டருக்கு முகங்கள் நினைவில் நிற்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அதே ஆள் சிரித்துவிட்டால், “அட, நீங்களா!” என்று கட்டிப்பிடித்துக்கொள்வார். இரண்டு படமாக எந்த அறிமுகமும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, இப்போது திரையில் வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்!

“அட! டிரைவிங் ஸ்கூல்!” என்று கூவினார்.

மூன்றாம் வரிசையில் டிரைவிங் ஸ்கூல்காரர் திடுக்கிட்டார். “டாக்டர்?”

“நீங்கதான்! முன்னாடி அந்த இடைவெளி பாருங்க, லாரியே போகலாம். ஆஹா, இதோ வர்றது நம்ம பேங்க் மேனேஜர்! கீழ்வரிசை என்ன ஒரு நெருக்கடி!”

“டாக்டர், கொஞ்சம் மெதுவா...” என்றார் பேங்க் மேனேஜர்.

“தலைமையாசிரியை அம்மா! மேலயும் கீழயும் ஒண்ணுமே இல்லை, மொழுமொழுன்னு! ஃபுல் செட்டு! நம்ம கிளினிக்ல செஞ்சது, யாராவது கண்டுபிடிச்சீங்களா இதுவரைக்கும்?”

இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஊரே அந்தச் சிரிப்புக்கு உதாரணம் சொல்லும். தலைமையாசிரியை எழுந்து நின்றுவிட்டார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே!”

“நான் எங்கம்மா சொன்னேன்? படத்துல வருது, நான் படிக்கிறேன்.”

அவள் இருக்கையில் வழுக்கி வழுக்கிக் கிட்டத்தட்ட தரைக்கு வந்திருந்தாள். கணவன் குனிந்து, “இன்னும் ரெண்டு மாடி இருக்கு, நிதானமா இறங்கு” என்றான்.

திரையில் வில்லன் வந்தான்.

டாக்டர் சட்டென்று நிறுத்தினார். முன்னால் சாய்ந்தார். கண்ணைச் சுருக்கினார்.

“இது யாரு?” என்றார் டாக்டர். “எனக்குத் தெரியாத வாய் இந்த ஊர்லயா? என்ன லட்சணம் பாருங்க! கடைவாய் பூரா தேய்ஞ்சு கிடக்கு. வீட்ல யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்களா? எந்த டாக்டர்கிட்ட போறானோ, பாவி!”

அவளுக்கு உயிர் வந்தது. எல்லார் பல்லையும் தினம் பார்க்கிற மனிதர், தன் கடைவாயைத் தானே எப்படிப் பார்த்திருப்பார்? தப்பித்தோம்!

வில்லன் எல்லாரையும் கடித்து முடித்தான். தனியாக நின்றான். தன்னைத்தானே கடிக்க ஆரம்பித்தான். அந்த ஓசைக்காக அவள் மாவுத் தாடைகள் இரண்டையும் போன் பக்கத்தில் வைத்து நிஜமாகவே தேய்த்திருந்தாள். நற. நற. நறநறநற. அரங்கம் முழுக்க நிறைந்தது அந்தச் சத்தம்.

தூங்கிக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. முழங்கையை மட்டும் மடக்கி, பல வருடப் பழக்கத்தின் துல்லியத்தோடு, கணவரின் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

“பல்லைக் கடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? திரும்பிப் படுங்க!”

டாக்டர் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நாக்கு மெதுவாகக் கன்னத்துக்குள் போய்க் கடைவாயைத் தடவுவது வெளியிலிருந்தே தெரிந்தது. திரையில் வில்லன் பொடிப்பொடியாகி, காற்றில் ஒரு வெள்ளைக் கோடாகப் போனான்.

பிறகு கூரை இடிந்து விழுவது போல ஒரு சிரிப்பு. அதில் முதல் சிரிப்பு தலைமையாசிரியையுடையது.

விளக்கு வந்தது. செயலாளர் கண்ணீரைத் துடைத்தபடி மேடையேறினார். “இந்த அற்புதத்தைப் படைச்சவங்க வேற யாருமில்லை. நம்ம டாக்டரோட லேப்லயே வேலை பார்க்கறாங்க. சர்ப்ரைஸ்!”

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. டாக்டர் எழுந்தார். திரும்பினார். விரலை நீட்டினார்.

“நீ...” என்றார்.

அவ்வளவுதான். ‘நீ’ என்றதும் உதடு இரண்டு பக்கமும் விரிய, வில்லன் முழுசாகத் தரிசனம் தந்தான். அரங்கம் குலுங்கியது. “அதோ! அதோ!” என்று கத்தினார் பேங்க் மேனேஜர். டாக்டர் வாயை மூடினார். மறுபடி ஆரம்பித்தார். “இனிமே...” இன்னொரு வெடிச்சிரிப்பு. வாய் மூடிக்கொண்டது.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. மாவுத் தாடைகளைப் பேசவைப்பதற்காக ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று எழுத்து எழுத்தாக வாயை வைத்துப் பார்த்தவள் அவள். ‘ஈ’ சொன்னால் எல்லாப் பல்லும் வெளியே. ‘ஏ’ சொன்னாலும் அப்படியே. ‘வெளியே’ என்பதற்குப் பல் வேண்டும், ‘நீக்கறேன்’ என்பதற்குப் பல் வேண்டும். பல்லைக் காட்டாமல் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது லேசில்லை.

ஆனால் ஓர் எழுத்து இருக்கிறது. ‘போ.’ உதட்டைக் குவித்தால் போதும். ஒரு பல்லும் தெரியாது. அது இன்னும் அவருக்கு உறைக்கவில்லை. டாக்டரின் உதடுகள் யோசனையில் மெல்லக் குவியத் தொடங்கின.

அவள் விறுவிறுவென்று முன்வரிசைக்கு நடந்தாள்.

“டாக்டர்,” என்றாள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. “நான் நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடட்டுமா?”

எல்லாரும் டாக்டரின் வாயையே பார்த்தார்கள். அடுத்த காட்சிக்காக டிரைவிங் ஸ்கூல்காரர் இருக்கையின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். இல்லை என்றால் பல். முடியாது என்றால் பல். தலையை ஆட்டி ‘ம்ஹும்’ என்று மறுக்கலாமென்பது அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் உதடுகளை இறுக்கி ஒட்டிவைத்துக்கொண்டு அவளை முறைத்தார். காது சிவந்தது. மீசை நடுங்கியது.

“ம்,” என்றார்.

“சரிங்கறார்மா,” என்றாள் அவர் மனைவி, கொட்டாவி விட்டுக்கொண்டே. “நீ நேரத்தோட வந்துடு.”