காட்சிக்கு வைத்த மோட்டார்

ஈச்சனாரியைத் தாண்டும்போது அமலியின் போன் அடித்தது. அழைத்தவன் மதன்குமார், பெருந்துறையில் அவள் வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியின் பிட்டர்.

“ஏனுங் மேடம், ஸ்டாலப் பிரிச்சுப்போட்டோமுங். எல்லாத்தையும் வண்டில ஏத்தியாச்சு. தண்ணித் தொட்டில ஓட்டிக் காமிச்ச மோட்டார மட்டும் காணோமுங்.”

“அது காலைலயே வித்தாச்சு மதன். கிணத்துக்கடவுக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போய்ட்டார்.”

மறுமுனையில் மதன் யாரிடமோ வண்டியை நிறுத்தச் சொன்னான்.

“மதன்?”

“அதையவா வித்தீங்க? மொத நாளு அது ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சல்லங். நீங்ககூட என்னன்னு பாருன்னு சொன்னீங்க.”

“சரி பண்ணிட்டேன்னு சொன்னியே.”

“பண்ணுனனுங். பச்சை ஒயரக் கழட்டி, டேப் சுத்தி உள்ளயே வுட்டுட்டனுங். அப்பறம் ட்ரிப் ஆகல. மூணு நாளைக்குத்தானேன்னு…”

சீட்டின் மேல் மடக்கி வைத்திருந்த கால்களை அமலி கீழே இறக்கினாள். மூன்று நாளும் கண்காட்சியில் நின்று நின்று வீங்கிய கால்கள். இப்போது அவற்றின் வலி தெரியவில்லை.

“என்னாச்சு?” என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் பிராங்க். மத்தியானம் ஈரோட்டிலிருந்து காரை எடுத்து வந்து அவளைக் கண்காட்சி வாசலிலேயே ஏற்றிக்கொண்டவன். வால்பாறையில் இரண்டு ராத்திரி தங்கல். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர்கள் சேர்ந்து போகும் முதல் பயணம். இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் அவள் கம்பெனி வேலையால் நின்றுபோனது.

அமலி விஷயத்தைச் சொன்னாள். பச்சை ஒயர் என்பது எர்த். மோட்டாருக்குள் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோக இருக்கும் ஒரே வழி. கசிந்ததால்தான் ஸ்டாலில் கரண்ட் தானாக நின்று ட்ரிப் ஆனது. மதன் கசிவை நிறுத்தவில்லை, வழியை அடைத்துவிட்டான். ஸ்டாலில் மோட்டார் மரப்பலகை மேல் இருந்தது, போர்டிலும் பாதுகாப்பு இருந்தது. தோட்டத்தில் என்ன இருக்கும்? ஈர மண், வெறுங்கால்.

“அவன் பண்ணுன வேலைக்கு நீ என்ன பண்ணுவ?” என்றான் பிராங்க்.

காலையில் மோட்டாரை வாங்கிய மனிதர் அமலியிடம் இரண்டு முறை கேட்டார். “காட்சிக்கு வெச்சதுங்க, நல்லா இருக்குமுங்களா?” பழைய மோட்டார் எரிந்துபோய் வீட்டில் தண்ணீரில்லை என்றார். காட்சிப் பொருள் எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். “நானே செக் பண்ணிட்டேனுங்க” என்று சொல்லி, வாரன்ட்டி அட்டையில் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

“நான்தாங்க கையெழுத்துப் போட்டேன்” என்றாள்.

பில்லை போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ரங்கராஜ், சொலவம்பாளையம், கிணத்துக்கடவு. கீழே ஒரு போன் நம்பர். அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே குரல்.

மேனேஜரை அழைத்தாள். அவர் பொறுமையாகத்தான் பேசினார். “நீ லீவுல இருக்கற அமலி. திங்கக்கிழமை சர்வீஸ் ஆளு போவான். அவருக்கு ஒரு மெசேஜ் போட்டு வுடு. ஒண்ணும் ஆகாது.”

அவள் மறுபடியும் ரங்கராஜின் நம்பரை அடித்துப் பார்த்தாள்.

“ஆறு மணிக்குள்ள ஆழியாறு செக்போஸ்ட்டத் தாண்டோணும். அதுக்கு மேல மலையேற விடமாட்டாங்க” என்றான் பிராங்க். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, “இது மூணாவது தடவ” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கிணத்துக்கடவு வழியிலதான இருக்குது. பத்து நிமிஷம்.”

பத்து நிமிஷத்தில் ஆகவில்லை. கிணத்துக்கடவில் ஓர் எலக்ட்ரிக் கடையில் விசாரித்தார்கள். “சொலவம்பாளையத்துல எந்த ரங்கராஜுங்க? மூணு பேரு இருக்கறாங்க” என்றார் கடைக்காரர். அவர் கைகாட்டிய தோட்டத்துக்குப் போனால், அங்கே இருந்தவர் கண்காட்சிக்கே போகாத ரங்கராஜ். அவர் விடாமல் உட்காரச் சொல்லி, எந்த ஊர், யார் வீடு என்று கேட்டு முடித்த பிறகுதான் வழி சொன்னார்.

“எக்ஸ்போவுக்குப் போனது தெக்கால தோட்டத்துக்காரருங். வாய்க்கால் மேட்டுலயே போங்க, நீலக் கேட்டு வரும்.”

வாய்க்கால் மேட்டில் கார் மெதுவாகத்தான் போனது. இரண்டு பக்கமும் தென்னை. அமலி கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நீலக் கேட்டுக்கு நூறடி முன்பே சத்தம் கேட்டது. மூன்று நாள் பக்கத்திலேயே நின்று கேட்ட அதே சத்தம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். கட்டியிருந்த நாய் குரைத்தது. மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் சிமென்ட் தொட்டி, அதற்குள் வளைந்து இறங்கும் இரும்புக் குழாய், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து நான்கடி தள்ளி ஒரு கறவை மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு, கண்ணை உருட்டியபடி நின்றது. அறுபது வயதுப் பெண் ஒருவர் அதன் கழுத்தைத் தடவித் தொட்டிப் பக்கம் நகர்த்தப் பார்த்தார்.

“அம்மா, தொட்டிய விட்டுத் தள்ளி வாங்க! மோட்டார் சுவிட்ச் எங்கங்க?”

அந்தம்மா திகைத்துப்போய்க் கொட்டகைச் சுவரைக் காட்டினார். பின்னால் வந்த பிராங்க் முந்திக்கொண்டு ஓடி மெயினை இறக்கினான். சத்தம் அடங்கியது.

“யாரு கண்ணு நீங்க?”

“மோட்டார் கம்பெனிங்க. காலைல நான்தாங்க இத வித்தேன்.”

“அப்படியா? என்ற வூட்டுக்காரரு மாட்டு டாக்டரக் கூட்டியார போயிருக்கறாரு. அவரு போனும் சார்ஜ் இல்லாமக் கெடக்குது. மத்தியானம் புடிச்சு மாடு தண்ணில வாயே வைக்க மாட்டேங்குது அம்மணி. வாயக் கொண்டு போகுது, துள்ளிப் பின்னால போகுது. என்ன சீக்கோ தெரீல.”

அமலிக்குப் புரிந்துவிட்டது. கசிந்த கரண்ட் இரும்புக் குழாய் வழியே தொட்டித் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ரப்பர் செருப்புப் போட்டிருந்த ரங்கராஜின் மனைவி பங்காரம்மாவுக்குத் தெரியாதது, ஈர மண்ணில் நான்கு காலையும் ஊன்றி நின்ற மாட்டுக்குத் தெரிந்திருந்தது.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?”

“தண்ணிக்குள்ள கைய வுட்டா சுருக்குன்னுச்சு, கட்டெறும்பு கடிச்சாப்பல. வெரல்ல வெட்டுக்காயம் இருக்குதல்ல, அதுன்னு நெனச்சேன்.”

எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து, பிராங்கிடம் மெயினை ஒரு தடவை ஏற்றச் சொல்லி, அமலி தன் பையிலிருந்த டெஸ்டரை மோட்டார் உடம்பில் வைத்தாள். விளக்கு எரிந்தது. உடனே இறக்கச் சொன்னாள். பிளக்கை உருவிய பிறகுதான் மூடியைக் கழற்றினாள். மதன் சொன்னபடியே பச்சை ஒயர் டேப் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

அப்போதுதான் தொட்டி விளிம்பில் இருந்த சின்ன சிவப்பு பிளாஸ்டிக் மக்கைப் பார்த்தாள். பக்கத்தில் மடித்து வைத்த குழந்தைக் கவுன்.

“இது யாருதுங்க?”

“பேத்தி ஹர்ஷிணியோடதுங். தண்ணில ஆடோணும்னு ஒரே அழுகை. தொட்டி நெறையட்டும், எந்திரிச்சதும் எறக்கி வுடறேன்னு சொல்லித் தூங்க வெச்சிருக்கறேன்.”

அமலி ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தாள். மக்கையும் கவுனையும் எடுத்துப் பங்காரம்மாவின் கையில் கொடுத்தாள்.

ரங்கராஜ் கால்நடை டாக்டரோடு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. அமலி எதையும் மறைக்கவில்லை. ஒயர் கழற்றியது, கசிவு, கையெழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் தெலுங்கில் மனைவியிடம் ஏதோ கேட்டார். பங்காரம்மா வெட்டுப்பட்ட விரலைக் காட்டினார்.

“நான் ரெண்டு வாட்டி கேட்டனுங்களே” என்றார் ரங்கராஜ். “நீங்கதான சொன்னீங்க, செக் பண்ணிட்டேன்னு.”

“பண்ணலீங்க. பண்ணுனதாச் சொன்னேன்.”

அவர் அதற்கு மேல் அவளைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அது தொட்டிக்கு வந்து, நாக்கால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெகுநேரம் கழித்துக் குடிக்க ஆரம்பித்தது.

ரங்கராஜ் முன்னாலேயே அமலி மேனேஜரை அழைத்தாள். “வேற மோட்டார் புதுசா அனுப்போணும் சார். நடந்தத நானே எழுதிக் குடுக்கறேன்.” எழுதுவதெல்லாம் எதற்கு என்று மேனேஜர் ஆரம்பித்தார். “எழுதறேன் சார்” என்று மட்டும் மறுபடி சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்குத் தண்ணீருக்கு, பிராங்க், முதலில் பார்த்த பக்கத்துத் தோட்டத்து ரங்கராஜிடம் பேசி, அங்கிருந்து ஹோஸ் இழுக்க ஏற்பாடு செய்தான்.

ஹோஸ் இழுத்து முடிக்கையில் ஐந்தரை மணி தாண்டியிருந்தது; ஆழியாறுக்கு இனி நேரமில்லை. அவர்கள் பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். சாப்பிடும்போது பிராங்க், “நான் பொள்ளாச்சிக்கே நேரா ஓட்டியிருந்தா?” என்று கேட்டான்.

“அதப் பேசாதீங்க.”

“இல்ல, ஈச்சனாரில அப்படித்தான் நெனச்சேன். அதச் சொல்லிப்போடோணும்னு தோணுச்சு.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் மலை ஏறினார்கள். மாதா கோயிலில் பூசை பார்த்தார்கள், தேயிலைக்கு நடுவே நடந்தார்கள், மழையில் நனைந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிக்னல் கிடைக்கும் இடத்திலெல்லாம் அமலி போனை எடுத்து, தவறிய அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் அவள் எழுதிய கடிதமும், அவளுக்கான எச்சரிக்கை மெமோவும் இருந்தன.

“புது மோட்டார் ரெடி. சர்வீஸ் ஆள அனுப்பறேன்னு சொன்னேன். அந்தாளு ஒத்துக்க மாட்டேங்கறாரு. வித்த பொண்ணே வந்து மாட்டிக் குடுக்கோணுமாம்.”

அது நம்பிக்கையா, தண்டனையா என்று அமலிக்குத் தெரியவில்லை. மெமோவில் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஸ்டோருக்குப் போய், அட்டைப்பெட்டியைப் பிரித்து, புது மோட்டாரின் மூடியை அங்கேயே கழற்ற ஆரம்பித்தாள்.