காப்பு அவிழ்த்த கை

ரக்பி என்று யாராவது பேச்செடுத்தால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன். என் வீட்டுக்காரர் நாகமுத்து அதை ஆடியது ஒரே ஒரு வருடம்தான். ஒரு காலைத் தின்ன அது போதுமாக இருந்தது.

மாத்தளைப் பக்கம் எங்கள் கொக்கோத் தோட்டத்தில் அவர் மூட்டை தூக்குகிறவர். ஆடித் திருவிழாவில் அம்மன் தேர் இறக்கத்தில் உருளும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதும் அவர்தான். எழுபத்தெட்டில் தோட்டத்துத் தொரையோடு தேர் பார்க்க வந்த கண்டி ரக்பி கிளப் மேனேஜர் அதைக் கண்டு வாயைப் பிளந்தார். தேரையே நிறுத்துகிறவன் ஆளை நிறுத்த மாட்டானா? சம்பளம் பேசிக் கூட்டிப் போனார். பந்தோடு ஓடிவருகிறவனை மறித்துச் சாய்ப்பதுதான் வேலை. தோட்டமே இவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது.

மறு வருடம் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் முழங்கால் பிசகியது. இனி ஓடினால் கால் போய்விடும் என்றார் டாக்டர். அதற்குள் ஆடி பிறந்து, கையில் அம்மன் காப்பும் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினவர் தேர் முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆத்தா காப்பாற்றினாள் என்று கும்பிட்டேன்.

எங்கே விட்டார்கள்? மேனேஜரின் ஜீப்பில் ஏறிக்கொண்டு தோட்டத்துத் தலைவர் பழனிமுத்துவே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"தோட்டத்துப் பேரு இருக்கில்ல நாகமுத்து? ஆத்தா மன்னிச்சிருவா" என்று தன் கையாலேயே காப்பை அவிழ்த்தார்.

"அவரு காலுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு பாப்பம்மா."

முழங்காலில் ஊசி போட்டு ஆட இறக்கினார்கள். பாதி ஆட்டத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தது நலம் விசாரிக்க அல்ல, கிளப் பூட்ஸை வாங்கிக்கொண்டு போக. தூ!

தோட்டத்திலோ பழனிமுத்து, "காப்பை அவுத்துட்டுப் போனான், ஆத்தா காலை வாங்கிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவிழ்த்த கை யாருடையது என்று ஒரு வாயும் கேட்கவில்லை. அந்த வருடம் கட்டை போட ஆளில்லாமல் தேர் கோயில் வாசலைத் தாண்டவில்லை.

அடுத்த ஆடியில் அதே பழனிமுத்து காப்புக்கு மஞ்சள் கயிற்றோடு வந்தார்.

"உக்காந்துக்கிட்டே கட்டை போடலாம் நாகமுத்து. நீ இல்லாம தேர் நகராது."

"போன வருசம் நீங்க அவுத்த கயிறு எங்கங்க?" என்றேன். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர், மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தபடியே, வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பழனிமுத்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

விளக்குமாற்றோடு நின்றேன். யாரை அடிப்பது?